ஹார்டின் வாத்தியார்

'கிளாஸ் ஆஃப் 1999' படம் என்றதும் ரசிகர்களில் பாதிப் பேர் பாம் கிரியர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கை பிளந்து தீ கக்கும் கெமிஸ்ட்ரி டீச்சரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் என் ஓட்டு ஜான் பி. ரயனுக்கே.

அவர் நடித்த ரோபோ வரலாற்று ஆசிரியர் ஹார்டின், அடங்காத பையனை மடியில் கவிழ்த்துப்போட்டுச் சாத்தும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இயந்திர வேகம் கையில் மட்டும்தான். முகத்தில், கடமையைச் செவ்வனே செய்துமுடித்த பெரியவரின் திருப்தி. 'டெர்மினேட்டர்' (1984) வந்த பிறகு ரோபோ வேடம் என்றாலே விறைத்த நடை, உணர்ச்சியற்ற குரல் என்று ஆகிவிட்டது. ரயன் அந்தக் குறுக்குவழிப் பக்கமே போகவில்லை. பிரம்பை எடுத்ததும் முகம் மலர்கிற வாத்தியார் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருந்தாரே, அவரைத்தான் நடித்துக் காட்டுகிறார். 'ரன்அவே டிரெய்ன்' (1985) படத்தில் சிறை அதிகாரி ரேங்கனாக உறுமிய அதே மனிதர், இங்கே அந்தக் கொடூரத்துக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்.

ஸ்டேசி கீச்சின் வெள்ளை முடியும் வெள்ளைக் கண்ணும் எனக்குக் கொஞ்சம் திகட்டும். ஆனால் 1968இல் 'இஃப்' படத்தில் பள்ளியையே எதிர்த்துத் துப்பாக்கி எடுத்த மால்கம் மெக்டவல் இதில் பிரின்சிபால்! அலமாரி நிறைய டபிள்யூடி-40 மசகு எண்ணெய் டப்பா வைத்திருக்கும் வாத்தியார்கள் வேறு. குறும்புக்காரர் இந்த இயக்குநர் மார்க் எல். லெஸ்டர்.

அவருடைய 'கிளாஸ் ஆஃப் 1984' (1982) தான் உசத்தி என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. ஆலிஸ் கூப்பர் பாட்டு, பொடியனாக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், எல்லாம் சரி. அந்தப் படம் ஆசிரியரின் பக்கம் நின்று மாணவர்களைக் கண்டு மிரள்கிறது. எட்டு வருடம் கழித்து அதே இயக்குநர் கட்சி மாறி, வாத்தியாரைக் கண்டு மிரள்கிறார். அந்தத் துணிச்சலுக்கே என் மதிப்பெண் இதற்குத்தான்.

'கிளாஸ் ஆஃப் 1999'க்கு 1994இல் வந்த இரண்டாம் பாகத்தை லெஸ்டர் இயக்கவில்லை, ரயனும் இல்லை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இன்றைய ரோபோ படங்களில் உலோக எலும்பின் ஒவ்வொரு திருகும் பளபளக்கிறது, மேலே போர்த்திய முகத்தில்தான் ஆளைக் காணோம்.

கடைசிச் சண்டைக்காக மட்டும் இதை ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹார்டினின் வகுப்பை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.