இரண்டு குன்றும் ஒரு தோளும்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே, மூடுபனி விலகிய காலையில் வடக்கே பார்த்தால் கீழே சமவெளியில் பழனி தெரியும். மலைத்தொடரை விட்டு விலகி நிற்கும் குன்றுகள் இரண்டு அங்கே: ஒன்று பழனியாண்டவர் மலை, மற்றது இடும்பன் மலை. இவை ஏன் இப்படி ஜோடியாக நிற்கின்றன? பெயர் தெரியாத ஒரு கதைசொல்லி இதற்குத் தந்த பதிலைத் தமிழின் தேர்ந்த புனைவுகளில் ஒன்றாகவே நான் வைப்பேன்.

சூரபன்மன் போரில் உயிர் பிழைத்த அசுரன் இடும்பன். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைத் தெற்கே சுமந்து வருகிறான். பிரம்மதண்டம் தோள்தண்டாகிறது, பாம்புகள் உறிக்கயிறாகின்றன. ஆவினன்குடி அருகே இளைப்பாற இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் அசையவில்லை. ஏறிப் பார்த்தால், கோவணமும் கைத்தடியுமாக ஒரு சிறுவன், மலை தன்னுடையது என்று நிற்கிறான்.

என்னை மயக்குவது அந்த இளைப்பாறல்தான். சாபமோ அசரீரியோ கதையைத் திருப்பவில்லை, ஒரு சுமைகூலியின் தோள்வலி திருப்புகிறது. இரண்டு குன்றைப் பார்த்த கதைசொல்லி இரண்டு பாரத்தைக் கண்டான். பாரத்துக்கு ஒரு தண்டு, தண்டுக்கு ஒரு தோள், தோளுக்கு ஒரு களைப்பு. நிலக்காட்சியிலிருந்து பாத்திரம் இத்தனை இயல்பாகப் பிறந்த கதை அபூர்வம். எதிரே நிற்கும் சிறுவனும் சாதாரணமானவன் அல்லன். மாம்பழம் அண்ணனுக்குப் போனதால் கோபித்து வீட்டை விட்டு வந்த முருகன். போரில் தோற்றவனும் போட்டியில் தோற்றவனும் ஒரே குன்றுக்கு உரிமை கேட்கிறார்கள். சண்டையில் இடும்பன் மாள்கிறான். மனைவி இடும்பி மன்றாட, உயிர் பெற்று அந்த மலைக்கே காவலனாகிறான். இன்றும் படியேறுகிறவர்கள் வழியில் அவன் சந்நிதியைக் கும்பிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

வாசகரே பாத்திரமாகிவிடும் கதை வேறு எது? தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் தோளில் இருக்கும் காவடி இடும்பனின் தண்டுதான். மலேசியாவின் பத்துமலையில் காவடி எடுப்பவரும் அவன் நடையையே நடக்கிறார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது கழுகுமலை முருகனுக்கு. ஆனால் அந்தத் துள்ளல், பாரத்தோடு நடப்பவனின் காலடித் தாளம்.

நவீன எழுத்தில் இதற்கு நெருங்கிய உறவு புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943). புராணம் மன்னித்து அனுப்பிவிட்ட அகலிகையை அவர் மறுபடி கூப்பிட்டு, சீதையின் அக்கினிப் பிரவேசத்தைக் கேட்க வைத்தார். கேட்டவள் திரும்பவும் கல்லானாள். தொன்மத்தில் கைவைப்பவனுக்கு அலங்காரத்தைவிட இந்தத் துணிச்சல்தான் தேவை. பெயர்களை மாற்றாமல் சாகசத்தை மட்டும் கூட்டி எழுதும் இன்றைய புராண நாவல்கள் பலவற்றில் நான் தேடி ஏமாறுவதும் அதைத்தான்.

பழனிக் கதையில் அப்படிக் கேட்பதற்கு இடம் இருக்கிறது. கைலாயத்திலிருந்து கணவனோடு நடந்து வந்தவள் இடும்பி. தண்டின் ஒரு முனை தாழ்ந்தபோது அவள்தான் சொல்லியிருப்பாள், ‘கொஞ்சம் இறக்கி வையுங்கள்’ என்று. அந்த ஒரு வார்த்தையின் பாரத்தோடு அவள் வாழ்ந்த நாட்களை யாராவது எழுத வேண்டும்.