நப்பின்னை என்றொரு பெயர்

பெயர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர்களையே எடுத்துக்கொள்கின்றனர். நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, தமிழிலக்கியத்தில் செல்வாக்கோடு விளங்கியும் தமிழர் இல்லங்களில் அரிதாகவே வழங்கும் ஒரு பெண்பெயர். அம்பர்நாத்தில் நாமறிந்த தமிழ்க் குடும்பங்களுள் இப்பெயர் தாங்கிய பெண் ஒருத்தியே. அவள் எம் மகள். ஆகவே இக்கட்டுரையை நடுநிலையான ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

பெயரின் முதலெழுத்திலிருந்து தொடங்குவோம். சங்கப் புலவர் பெயர்களில் ‘ந’ என்பது சிறப்புப் பொருள் தரும் முன்னொட்டாக வரும். கீரன் நக்கீரன் ஆனதும், பூதனார் நப்பூதனார் ஆனதும் அவ்வாறே. பெண்பாற் புலவர்களிலும் காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார், மாறோக்கத்து நப்பசலையார் என்று ஒரு வரிசையே உண்டு. (நச்சினார்க்கினியரை இவ்வரிசையில் சேர்த்துவிடலாகாது. அது ‘நச்சினார்க்கு இனியர்’ என்று பிரிவது.) செள்ளை, கண்ணை, பசலை போலப் பின்னையும் அடிப்படையில் எளிய ஓர் ஊர்ப்பெண்ணின் பெயரே. அன்பும் மதிப்பும் கலந்த ஓரெழுத்து அதன் முன்னே வந்து நிற்கிறது. வடமொழியில் ‘ந’ இன்மையையும் மறுப்பையும் குறிப்பதால், இம்மரபை அறியாதார் இப்பெயரில் ஒரு குறையைக் காண்கின்றனர். அது பெயரின் குற்றமன்று.

‘பின்னை’ என்பதற்குப் பின்னிய கூந்தலுடையாள் என்று பொருள் கொள்வாரும், பின் பிறந்தாள், இளையாள் என்று கொள்வாரும் உளர். நமக்கு இரண்டாவதே ஏற்புடையதாகப் படுகிறது. மணிமேகலையில், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகும் பகுதியில், மன்னன் பொழிலில் மயிலும் பறவைகளும் ஆடக் கண்டு கண்ணனும் பலதேவனும் பின்னையும் ஆடிய குரவையை நினைக்கிறான். அங்கே அவள் பெயர் ‘பிஞ்ஞை’ என்று வருகிறது. பலதேவனோ பெயரின்றித் ‘தம்முன்’ என்றே குறிக்கப்படுகிறான். முன்னவன் ஒருபுறம், பின்னை ஒருபுறம், நடுவே கண்ணன். முன்னும் பின்னும் இவ்வாறு எதிரெதிர் நிற்பது வெறும் சொல்லழகு என்று விட்டுவிட மனம் வரவில்லை. வடநாட்டுப் பழஞ்சிற்பங்களில் கண்ணனுக்கும் பலராமனுக்கும் இடையே தங்கை ஏகானம்சை நிற்கும் வடிவத்தோடு ஆய்வாளர் சிலர் இதனை ஒப்பிட்டுள்ளனர். அவ்வொப்புமையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது வேறு கேள்வி. தமிழிலக்கியத்தில் பின்னை காதலியும் மனைவியுமே ஆவாள்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில்தான் அவளை நாம் நன்கு காண்கிறோம். மதுரையை அடுத்த ஆயர்சேரியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள் மாதரி. எழுவர் மகளிர் ஏழிசைப் பெயர் பெற்று நிற்கின்றனர். அவருள் குரல் கண்ணனாகவும், இளி பலதேவனாகவும், துத்தம் பின்னையாகவும் படைக்கப்படுகின்றனர். இம்மூன்றைத் தேர்ந்தது தற்செயலன்று. குரலுக்கு ஐந்தாவது இளி. இளியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது துத்தம். இசையில் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையிலேயே அண்ணனையும் தம்பியையும் அவன் காதலியையும் அடிகள் கோத்துவிட்டார். இன்பமான இக்காதல் நாடகத்தைக் கண்ணகி பார்த்திருக்க, நகரில் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். பின்னையின் பெயர் ஒலிக்கும் ஆடலை, கணவனை இழந்தும் அதனை அறியாத ஒருத்தியின் முன் நிறுத்திய காப்பியத் துணிவை நம் திறனாய்வாளர் போதிய அளவு போற்றவில்லை என்பதே நம் கருத்து.

ஆழ்வார் பாசுரங்களில் இப்பெயருக்கு வேறோர் ஒளி கிடைக்கிறது. பெரியாழ்வாரின் யசோதை, தொழுவத்துப் புழுதியில் அளைந்த குழந்தையை நீராட அழைக்கும்போது, இக்கோலத்தில் நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று வெட்கமூட்டுகிறாள். வருங்கால மனைவியைச் சொல்லிப் பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய் இன்றும் எந்த வீட்டில் இல்லை? ஆண்டாளோ திருப்பாவையின் 18, 19, 20 ஆம் பாசுரங்களில் வாயிற்கதவையே அவள் கையில் கொடுத்துவிடுகிறாள். வளை ஒலிக்க வந்து திற என்று முதலில் கெஞ்சல். கணவனைச் சிறிது நேரமும் எழ விடமாட்டாய் போலும் என்று அடுத்துச் சிணுங்கல். விசிறியும் கண்ணாடியும் தந்து உன் மணாளனையும் எங்களோடு அனுப்பு என்று பின்னர் உரிமைக் கோரிக்கை. மூன்று பாட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஆயினும் அவள் இசையாமல் எதுவும் நடவாது என்பது தெரிகிறது. இராமாநுசர் 18ஆம் பாசுரத்தை ஓதிக்கொண்டு சென்றபோது ஆசாரியர் வீட்டுப் பெண் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள் என்றும், அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் மூர்ச்சித்து வீழ்ந்தார் என்றும் வைணவ மரபு கூறும்.

நப்பின்னையைத் ‘தமிழ்நாட்டு ராதை’ என்று மேடைகளில் சொல்வதை நாம் ஒப்பவில்லை. ராதையின் இலக்கியம் பிரிவாலும் ஏக்கத்தாலும் ஆனது. பின்னையோ ஏழு காளைகளை அடக்கி மணந்தவனின் இல்லக்கிழத்தி. திறவுகோல் அவளிடம். ஒப்பிட்டே ஆகவேண்டுமாயின், நாம் வாழும் இம்மராட்டிய மண்ணின் பண்டரிபுரத்து ரகுமாயியோடு ஒப்பிடலாம். அவளும் தனக்கெனத் தனிச் சந்நிதி கொண்ட மனையாட்டியே.

இத்தகைய பெயர் ஏன் பரவவில்லை? சீவகசிந்தாமணியில் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்கு அளிக்க முன்வந்து, திருமால் ஆயர்குலத்து நப்பின்னையை மணக்கவில்லையா என்று வாதிடுகிறான். சமணக் காப்பியத்திலும் எடுத்துக்காட்டாகும் அளவுக்கு அவள் பெயர் அறிமுகமாயிருந்தது. பிற்காலத்தில் அவளை நீளாதேவியின் அவதாரம் என்று நிறுவினர். திருப்பாவைக்குப் பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியன் நீளையென்றே அவளைக் குறிக்கிறது. தத்துவம் உயர்ந்தது; ஆயர்மகள் பெயர் பின்னுக்குப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ்ப் பெயர்கள் மலர்ந்தபோது, கயல்விழியும் யாழினியும் வந்தனர். நப்பின்னைக்கு அங்கே பக்தி மணம் தடையாயிற்று போலும். பக்தர் இல்லங்களோ கோதையோடும் ஆண்டாளோடும் நின்றுவிட்டன. இரு வீட்டாருக்கும் உரியவள் இரு வீட்டிலும் இல்லாது போனாள்.

இனி எம் வீட்டுச் செய்தி. 2010ஆம் ஆண்டு பெயர் சூட்டியபோது அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் இருமுறை சொல்லிப் பார்த்து, ‘பிங்கி’ என்று முடித்துவிட்டார். பள்ளியில் சேர்த்தபோது அது பதிவேட்டில் ‘நாபின்னே’ ஆயிற்று. திருத்த நாம் மூன்று முறை விடுப்பெடுத்தோம். வகுப்புப் பிள்ளைகளோ கைதுடைக்கும் துணியின் ஆங்கிலப் பெயரால் அவளை அழைத்தனர். அவள் நெடுநாள் எம்மிடம் சொல்லவேயில்லை. சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுப் படிவம் நிரப்புமுன், மாநில அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு வெளியிடுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பி மேசைமீது வைத்தாள். புதிய பெயர்: நேஹா. ஆயுளெல்லாம் பிறர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்த நமக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

வெகுண்டோம், பிறகு வெட்கினோம். சங்கத்து மேடையில் தமிழ்ப்பெயர் இடுமின் என்று முழங்குவது எளிது. அதை நாள்தோறும் சுமப்பவர் குழந்தைகள். மராட்டியரிடையே மணநாளில் அரிசி பரப்பிய தட்டில் மணமகளுக்குப் புதுப்பெயர் எழுதும் வழக்கம் உண்டு. அதனைக் குறைகூறிய நாம், ஒருத்தி தானே தன் பெயரை எழுதிக்கொள்வதை எவ்வாறு தடுப்பது? கையொப்பமிடுகிறோம், அதற்குமுன் உன் பெயர் வரும் இடங்களைப் படித்துவிடு என்று மட்டும் கேட்டோம். மாலைதோறும் இருவரும் அமர்ந்து படித்தோம். மேலே எழுதியவற்றுள் பாதி, அவள் கேட்ட கேள்விகளால் நமக்கு விளங்கியவை.

குரவையைப் படித்த அன்று, “துத்தம் எந்த ஸ்வரம், அப்பா?” என்றாள். ரிஷபம் என்பர் பலர் என்றோம். ஆர்மோனியம் பழகுபவள், சமஸ்கிருதமும் பள்ளியில் படிக்கிறாள். “ரிஷபம் என்றால் காளைதானே? காளைகளை அடக்கிப் பெற்றவளுக்குக் காளைப் பெயருள்ள ஸ்வரமா?” என்று கேட்டாள். எந்த உரையிலும் நாம் இதைக் கண்டதில்லை; பெயர்கள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம் என்றோம். அவள் அதை ஏற்கவில்லை. விண்ணப்பம் நம் கையொப்பத்தோடு அவள் அலமாரியில் இருக்கிறது. தேர்வுப் படிவம் பழைய பெயரிலேயே சென்றது, எழுத்துப்பிழையின்றி. அரசிதழுக்கு எப்போது அனுப்புவாள் என்று நாம் கேட்கவில்லை.