நாற்பது வருட ஆஃப் சீசன்

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவை நீங்கள் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, பின்னால் கடல். சுமார் 15,000 பேர் வசிக்கும் அந்தத் தீவுக்கு 2023ல் ஏறத்தாழ 34 லட்சம் பேர் போனார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான ஓட்டல்களை மூடிவிடுவார்கள். 'அப்போது போய்ப் பாருங்கள், அதுதான் அழகு' என்று பயணக் கட்டுரைகள் சிபாரிசு செய்கின்றன. அவ்வளவு தூரம் போக வசதியில்லாததால் நான் காஞ்சிபுரம் போனேன்.

சிரிக்காதீர்கள். அங்கேயும் ஒரு தீவு உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்குள் நிற்கும் நாலுகால் மண்டபம். அதன் அடியில், தண்ணீருக்குள் அத்திவரதர் சயனித்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை 48 நாள் வெளியே வருவார். 1979ல் வந்தார், 2019ல் வந்தார், இனி 2059. மற்றபடி ஆஃப் சீசன்தான். சாண்டோரினிக்காரர்களே அசந்துபோவார்கள்.

2019 சீசனுக்கும் போயிருந்தேன். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வந்தவர்கள் சுமார் ஒரு கோடி பேர் என்றார்கள். 2011 சென்சஸ்படி ஊரின் ஜனத்தொகை 1.64 லட்சம். ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று மூன்று விநாடி தரிசித்தேன். 'நகருங்க, நகருங்க' என்பதுதான் ஞாபகமிருக்கிறது. பெருமாளுக்கு அன்றைக்கு என்ன கலர் பட்டு என்று அம்மா கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. அம்மா 1979ல் பார்த்தவள். ஜூலை 18 நெரிசலில் நான்கு பேர் இறந்த செய்திக்குப் பிறகு அவளை அழைத்துப் போகத் துணிச்சல் வரவில்லை. "எனக்கு அடுத்த தடவை கிடையாதுடா" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

போன ஆடியில் ஏனாத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கி, புதன்கிழமை காலை அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். முகூர்த்தம் இல்லாத மாசம். பட்டுக் கடைகளில் தள்ளுபடி போர்டு இருந்தது, ஆள் இல்லை. "சீசன்ல வந்திருக்கணும் சார் நீங்க" என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார்.

முதலில் நூற்றுக்கால் மண்டபம். பெயர்தான் நூறு, எட்டு எட்டாகப் பன்னிரண்டு வரிசை, 96. எல்லாமே உன்னதம் என்று சொல்லமாட்டேன். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளில் ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரிதான். விஜயநகரக் காலத்தில் சிற்பிகளுக்கு ஆர்டர் குவிந்திருக்க வேண்டும். ஆனால் மூலையில் தொங்கும் கல் சங்கிலி வேறு ஜாதி. ஒரே கல்லில், வளையத்துக்குள் வளையமாகக் குடைந்தது. கடைசி வளையத்தில் உளி சற்றே பிசகினால் அதுவரை செய்த வேலை போச்சு. இது புரிய அதன் கீழே பத்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். 2019ல் இதே கோயிலுக்குள் ஐந்து மணி நேரம் இருந்தும் அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆஃப் சீசனைப் புகழும் கட்டுரைகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. நமக்குக் கிடைக்கும் அமைதி இன்னொருத்தரின் வியாபாரக் குறைச்சல். வாசலில் பூ விற்ற அம்மாளிடம் "கூட்டம் இல்லாம நல்லா இருக்கே" என்றேன், அசட்டுத்தனமாக. "உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார். தேவைக்கு மேல் இரண்டு முழம் வாங்கினேன். கூட்டம் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு கோடி பேரை 48 நாளில் திணித்துவிட்டு, மிச்ச வருடங்களில் அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு சாதாரண புதன்கிழமை நீங்களும் போய்ப் பாருங்கள். மதியம் நடை சாத்துவதற்கு முன் போங்கள். பூ வாங்குங்கள்.

குளத்தங்கரையில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அசையவில்லை.

"இப்பவும் உள்ளதானே இருக்கார்?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன" என்று கைகூப்பினாள். அவளை 'நகருங்க' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.