உத்திரத்தின் கணக்கு

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் மராமத்து நடந்த ஒரு கடைவீட்டின் மாடிக்குப் போயிருந்தேன். பொய்க்கூரையைப் பிரித்துவிட்டதால் உத்திரங்கள் வெளியே தெரிந்தன. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே 5 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் கனம். தேக்கா வட்டாரத்தின் பழைய கடைவீடுகளில் செங்ஙால் போன்ற மலாயாக் காட்டு மரங்கள்தாம் அதிகம். (செங்கல் என்று படித்துவிட வேண்டாம்.) ஓர் ஊழியர் அதில் ஆணி அடித்துப் பார்த்தார். வளைந்தது ஆணிதான்.

அந்த உத்திரத்தின் எடை சுமார் 90 கிலோ. உலர்ந்த மரத்தில் பாதி கரிமம். ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 150 கிலோ கரியமில வாயுவை அந்த மரம் காற்றிலிருந்து எடுத்துத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது. இன்றைய கரிமக் கணக்கில், இடிக்காமல் விட்ட இந்த உத்திரத்துக்கு என்ன மதிப்பு? பூஜ்யம். செலவுமில்லை, வரவுமில்லை.

மேற்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023 மே மாதம் திறந்த ‘காயா’வைப் பாருங்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தோயோ இத்தோவின் வடிவமைப்பு. ஆறு மாடி, 43,500 சதுர மீட்டர், 12.5 கோடி வெள்ளி. ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்து காடுகளின் மரம் கப்பலேறி வந்தது. இவ்வகைக் கட்டடங்களுக்குப் பயன்படும் ஊசியிலை மரத்தில், ஒரு கனமீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் கரியமில வாயு பூட்டியிருக்கும். மரம் ஆலையை விட்டுக் கிளம்பும்போதே கரிமக் கணக்கில் அது மைனஸாக, அதாவது வரவாக, விழுந்துவிடும்.

இப்படி அளப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. நெடுங்காலம் இந்த ஊரில் பசுமைக் கட்டடம் என்றால் குளிரூட்டிக்கு எவ்வளவு மின்சாரம் என்பதுதான் பேச்சு. சிமென்டும் இரும்பும் உண்டாகும்போதே கக்கும் புகை யார் கண்ணிலும் படவில்லை. கட்டட, கட்டுமான ஆணையம் பசுமைக் குறியீட்டின் 2021 பதிப்பில் பொருள்களின் கரிமத்துக்கும் இடம் தந்தபிறகு, ஒப்பந்தக்காரர்களே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அளவீடு சில வீண் பயங்களையும் தெளிய வைத்தது. ஐரோப்பாவிலிருந்து மரம் வருவதே பெரும் பாவம் என்பார்கள். பெரிய சரக்குக் கப்பலில் ஒரு டன்னைக் கொண்டுவர, கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் கரியமில வாயுதான் செலவு. 12,000 கிலோமீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டாது. காட்டிலிருந்து துறைமுகம் வரையான லாரிப் பயணம் தனி.

கோளாறு கப்பலில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஐரோப்பிய விதிமுறையான இஎன் 15978 கட்டடத்தின் ஆயுளைக் கட்டங்களாகப் பிரிக்கிறது: ஏ ஆக்கம், பி பயன்பாடு, சி முடிவு. ஏ-யில் மைனஸ் போட்டால் சி-யில் அதே தொகையைப் பிளஸ் போட்டாக வேண்டும். இரண்டும் சேர்ந்து பூஜ்யம். விதியில் குற்றமில்லை, விளம்பர ஏட்டில் முதல் பாதி மட்டும் அச்சாவதுதான் குற்றம். சிங்கப்பூரில் மரத்தைப் புதைக்க நிலம் ஏது? எரிகிற குப்பை உலைக்குப் போகும், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். நல்ல மரம் தூளாகிப் பலகையானால் இன்னும் சில காலம் தாங்கும். ஆக, பிளஸ் வருவது உறுதி. லாபமெல்லாம் தாமதத்தில்தான்.

அந்தத் தாமதம் எத்தனை ஆண்டு? கணக்கில் பெரும்பாலும் 50 அல்லது 60 என்று வைக்கிறார்கள். இந்த நகரமோ வேறு கடிகாரம் வைத்திருக்கிறது. 1976-இல் எழுந்த பேர்ல் பேங்க் அடுக்குமாடி, வீட்டுக்காரர்கள் கூட்டாக விற்றதில் 2020-இல் தரைமட்டம். கான்கிரீட் பலவீனம் என்பதாலா? மனைக்கு விலை ஏறியதால். கட்டடத்தின் ஆயுளை மரமோ கான்கிரீட்டோ தீர்மானிப்பதில்லை. நிலத்தின் விலையும் குத்தகைப் பத்திரமும் தீர்மானிக்கின்றன. காயாவின் மரத்தில் பூஞ்சை படிந்த செய்தி வந்தபோது பலர் சிரித்தார்கள். எனக்கு அது பராமரிப்புச் செலவு, பி கட்டத்தில் எழுத வேண்டியது. நிலத்தின் விலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காட்டின் பக்கமும் சிக்கல் உண்டு. உலகில் மரம் வெட்டுவதன் கரிமச் செலவு 2010 முதல் 2050 வரை ஆண்டுக்கு 350 முதல் 420 கோடி டன் என்று 2023-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வெட்டிய இடத்தில் புதுமரம் வளர்கிறதே என்று அதை மறுப்பவர்களும் உண்டு. வளரும்தான், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். என் உத்திரத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அது நட்டு வளர்த்த தோப்பு மரமல்ல, இயற்கைக் காட்டு மரம். இன்றைய விதிப்படி அதற்கு வரவே எழுத முடியாது. நியாயம்தான். ஆனால் அதைக் காப்பாற்றியதும் கரிமக் கணக்கு இல்லை. டன்லப் ஸ்திரீட் இருக்கும் லிட்டில் இந்தியாவை 1989-இல் பாதுகாப்பு வட்டாரமாக்கி, மர உத்திரங்களையும் படிகளையும் விட்டுவைக்கச் சொன்ன நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிதான். பழைய மரம் பிழைக்க இன்னொரு வழியும் உண்டு: காரைக்குடியில் பிரித்த வீட்டின் பர்மா தேக்குத் தூண் பழம்பொருள் கடையில் விலைக்கு நிற்கிறது. வாங்கியவர் வீட்டில் மறுபடி நிமிரும். கால்குலேட்டர் இல்லாமலே நடக்கிற காரியம்.

கணக்குப் போடுகிறவர்கள் பூட்டிய கரிமத்தை மொத்தத்தில் கலக்காமல் தனி வரியில் எழுதட்டும். எத்தனை ஆண்டு, பிறகு யார் பொறுப்பு என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கீழே இறங்கினேன். நீர்க்கசிவில் முனை இற்றுப்போன இரண்டு உத்திரங்களைக் கழற்றி ஐந்தடிப் பாதையில் சாத்தியிருந்தார்கள். ஒரு முழம் அறுத்துவிட்டால் மீதி இரும்பு மாதிரி இருந்தது. இது எங்கே போகும் என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

“லாரிக்காரரத்தான் கேக்கணும் சார்.”