பைக்குப் பின்னால் ஒரு வட்டம்

குடல் கழிவு வெளியேற அறுவையால் வயிற்றில் அமைக்கும் வாய்தான் ஸ்டோமா. ஸ்டோமா பை என்றால் எல்லோரும் பையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு வியப்பு அதன் பின்னால் வயிற்றோடு ஒட்டியிருக்கும் தகடுதான். மெழுகுபோல மிருதுவானது, உள்ளங்கைச் சூடு பட்டால் இளகி, தோலின் சின்னச் சின்ன வரிகளுக்குள்ளும் படியும்.

1950-களில் டென்மார்க் செவிலியர் எலிசே சோரன்சன் ஸ்டோமா வைக்கப்பட்டிருந்த தன் சகோதரிக்காக ஒட்டும் பையை யோசித்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், ஈரத் தோலிலும் பிடிக்கும் கராயா பிசினைக் கொண்டுவந்தார். இந்தியக் காட்டு மரத்தின் பிசின் அது! இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் பெக்டின், செல்லுலோஸ் கலந்த ஹைட்ரோகொலாய்டு என்னும் ஒட்டுப்பொருள்.

சூட்சுமம் தகட்டில் வெட்டும் துளையில் இருக்கிறது. ஸ்டோமாவைச் சுற்றி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கூடினால் கசிவு தோலை அரிக்கும். சிறுகுடல் ஸ்டோமாவில் செரிமான நொதிகள் இருப்பதால் இன்னும் வேகமாக. அறுவைக்குப் பிறகான ஸ்டோமாவின் வீக்கம் 6 முதல் 8 வாரங்களில் வடிந்துவிடும். பழைய அளவையே வெட்டிக்கொண்டிருப்பவர்கள் பசையைக் குறை சொல்வார்கள், பாவம் பசை.

கழற்றிய தகட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் கரைந்திருக்கிறதோ, அந்த வழியில்தான் கசிவு. கழற்றியதும் தோலில் தெரியும் இளஞ்சிவப்பு சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. எரிந்து, ஈரமாக நிற்கும் சிவப்பென்றால் ஸ்டோமா செவிலியரிடம் காட்டி, உட்கார்ந்த நிலையிலும் அளவெடுக்கச் சொல்ல வேண்டும். படுத்திருக்கையில் தெரியாத மடிப்பு அப்போதுதான் தெரியும்.