குடும்பச் சிகிச்சையும் அரச நிதியும் – ஒரு விமர்சன நோக்கு

பிள்ளையின் பிறழ்நடத்தைக்கான காரணத்தை அவனது மனத்தினுள் மட்டும் தேடுவது பயன்தராது. அவனைச் சூழ்ந்துள்ள உறவுகளின் அமைப்பிலேயே அதனைத் தேடவேண்டும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உளவியலிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த உளமருத்துவர் சல்வடோர் மினுச்சின், நியூயோர்க்கின் வில்ற்விக் பாடசாலையில் வறிய குடும்பத்துச் சிறுவரோடு பணியாற்றியவர். அவ்வனுபவத்தின் பேறாக 1967இல் வெளிவந்த கூட்டு நூல் சேரிக் குடும்பங்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. விடுதியில் திருந்தியதாகத் தோன்றும் சிறுவன் வீடு திரும்பியதும் பழைய நிலையை அடைகின்றான் என்ற கசப்பான உண்மையே அம்முயற்சிக்கு உந்துதலாயிற்று.

இம்மரபின் வழிவந்தவற்றுள் அரச நிதியை மிகுதியாக ஈர்த்தவற்றில் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவில் ஸ்கொற் ஹெங்கலரும் அவரது சகாக்களும் 1970களின் பிற்கூற்றிலிருந்து வளர்த்தெடுத்த பல்தொகுதிச் சிகிச்சையாகும். குடும்பம், பாடசாலை, நண்பர் குழாம், அயல் ஆகியன ஒன்றோடொன்று பின்னிய தொகுதிகள் என்பது அதன் அடிப்படை. சிகிச்சையாளர் மருத்துவமனையில் காத்திருப்பதில்லை, வீட்டுக்கே செல்கின்றார். ஒருவருக்கு நான்கு முதல் ஆறு குடும்பங்கள் வரையே ஒப்படைக்கப்படும். இரவு பகல் எந்நேரமும் அவரது குழுவினரை அழைக்கலாம். மூன்று முதல் ஐந்து மாதங்களில் பணி முடிவுறும். வறியவரின் வாசல் தேடிச் செல்லும் இப்பண்பு உண்மையிற் பாராட்டத்தக்கதே.

ஆயின் அதன் வெற்றி பற்றிய கூற்றுக்கள் கூர்ந்து நோக்கற்பாலன. 1995இல் வெளியான மிசூரி ஆய்வு 176 இளங்குற்றவாளிகளை எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளின் பின் இச்சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ 26 சதவீதத்தினரும், தனியாள் சிகிச்சை பெற்றோருள் 71 சதவீதத்தினரும் மீண்டும் கைதாகியிருந்தனர். இத்தகைய எண்களைக் கண்ட எந்த அரசும் பணப்பையைத் திறக்கவே செய்யும். எனினும் ஆரம்பகால ஆய்வுகளுட் பல, சிகிச்சையை உருவாக்கியவர்களாலேயே நடத்தப்பட்டவை. ஜூலியா லிற்றெல் என்ற சமூகப்பணித்துறை அறிஞர் 2005இல் வெளியிட்ட மீளாய்வு, ஏனைய சேவைகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. தன் பிள்ளைக்குத் தானே புள்ளியிடும் ஆசிரியரின் தீர்ப்பை ஐயத்தோடு ஏற்பது அநீதியாகாது.

நிற்க. இங்கிலாந்தில் நிகழ்ந்த பெருஞ்சோதனையே இவ்விடயத்தில் மிக முக்கியமானது. ஒன்பது நிலையங்களில் 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளைக் கொண்ட 684 குடும்பங்கள் குலுக்கல் முறையில் இரு கூறாக்கப்பட்டன. ஒரு கூறு இச்சிகிச்சையையும் மறு கூறு வழமையான சேவைகளையும் பெற்றது. 2018இல் வெளிவந்த முடிவின்படி, பதினெட்டு மாதங்களில் வீட்டுக்கு வெளியே பராமரிப்பிற்கு அனுப்பப்பட்டோர் முன்னைய கூற்றில் 13 சதவீதம். பின்னையதில் 11 சதவீதம். அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இத்தோல்வியைச் சிகிச்சையின் தோல்வியாக மட்டும் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். ஒப்பீடு எதனோடு செய்யப்பட்டது என்பதே அடிப்படை வினா. இங்கிலாந்தில் 'வழமையான சேவை' என்பது வெறுமையன்று. சமூகசேவையாளர், இளைஞர் நீதிக் குழுக்கள், அரச மருத்துவ சேவை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். சுவீடனில் 156 இளைஞரிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்விலும் மேம்பாடு காணப்படவில்லை. ஆகவே, பொதுச்சேவை வலுவுற்ற இடத்தில் இச்சிகிச்சை சேர்ப்பது சிறிது. அது நலிந்த இடத்திலேயே இச்சிகிச்சை பேருருவம் கொள்கின்றது எனக் கருத இடமுண்டு. நோர்வேயின் 2004ஆம் ஆண்டு ஆய்வு இக்கருத்துக்கு இணங்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. நலன்புரி அரசு ஓங்கிய அந்நாட்டில் நற்பயனே பதிவாகியது. எனவே மேற்கூறியதை விதியாகவன்றிக் கருதுகோளாகவே கொள்ளல் வேண்டும்.

சான்றைவிடப் பாரதூரமான பிரச்சினை ஒன்றும் உண்டு. 'குடும்பம்' என்ற சொல் நடைமுறையில் பெரும்பாலும் தாயையே குறிக்கின்றது. இரு தொழில் செய்து களைத்து வரும் ஒருத்தியிடம் மகனின் நடமாட்டத்தைக் கண்காணிக்கவும் விதிகளை உறுதியாக நிலைநாட்டவும் கற்பிக்கப்படுகின்றது. கற்பித்தல் தவறன்று. ஆனால், அவளைக் களைப்புறச் செய்யும் கூலியும் வீட்டு நிலையும் அச்சிகிச்சையாளரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. சூழல் தொகுதிகளைப் பற்றி விரிவாகப் பேசும் கொள்கை, அவற்றுள் மிக வலிய தொகுதியான பொருளாதாரத்தைப் பின்புலக் காட்சியாக ஒதுக்கிவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் 2018இல் இயற்றப்பட்ட 'குடும்பம் முதலில்' எனும் தடுப்புச் சேவைச் சட்டம் இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. பிள்ளைகளை வளர்ப்புப் பராமரிப்பிற்கு அனுப்பிய பின்னரே பெரிதும் செலவிடப்பட்டு வந்த கூட்டரசு நிதியை, அப்பிரிவைத் தடுப்பதற்கும் அது திறந்துவிட்டது. இஃது ஒரு முன்னேற்றமே. அந்நிதி உளநலச் சிகிச்சைக்கும், போதைப்பொருட் சிகிச்சைக்கும், வீட்டிலேயே அளிக்கப்படும் பெற்றோர்த்திறன் பயிற்சிக்கும் உரியது. அதுவும் சான்றுடையன எனத் தரப்படுத்தப்பட்ட திட்டங்களுக்கே. பல்தொகுதிச் சிகிச்சை அத்தரப்படுத்தலில் உயர்நிலையில் வைக்கப்பட்டது. மகனைக் கண்டிக்கும் முறையைத் தாய்க்குக் கற்பிப்பதற்கு அந்நிதியிற் செலவிடலாம். அவளது வீட்டு வாடகையை அதிலிருந்து செலுத்துவதற்கு அச்சட்டத்தில் இடமில்லை.