ஆத்மாவைத் தேடி 480 புள்ளிகள்

‘ஆத்மா’ என்று யாராவது பேச்சை எடுத்தால் நமக்கு உடனே உஷார் வந்துவிடும். வரணும். ஆயுதம் அதை வெட்டாது, நெருப்பு அதைச் சுடாது என்கிறது கீதை. கொன்றவனும் கொல்லவில்லை, செத்தவனும் சாகவில்லை என்றால் அப்புறம் கொலைக்கு யார் கணக்குச் சொல்வது? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்களே, அவர்களையும் நெருப்பு சுடவில்லையா? இந்த ஆத்ம வாதம் கொலைக்குத் தத்துவ நியாயம் கற்பிக்கிற வேலை என்பதை அம்பேத்கர் கீதை பற்றிய தன் கட்டுரையில் அம்பலப்படுத்தியிருக்கிறார்.

அதனால் ஒரு ஜப்பானியப் படத்துக்கு ‘ஆத்மன்’ என்று பெயர் என்றதும், இது நமக்கெதுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. பார்த்த பிறகு வேறு மாதிரி யோசிக்கிறேன். பெயரில் இருக்கிற ஆத்மா படத்தில் இல்லை. அதை இல்லாமல் ஆக்குகிற வேலையைத்தான் படத்தின் பிம்பமும் ஒலியும் சேர்ந்து செய்கின்றன.

1975இல் டோஷியோ மட்சுமோட்டோ (1932–2017) எடுத்த பதினோரு நிமிஷப் படம் இது. 16 மில்லிமீட்டர் சுருள். கதை கிடையாது, வசனம் கிடையாது. வெட்டவெளியில் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கொம்பு முளைத்த பேய் முகமூடி. அந்த உருவத்தை நடுவில் வைத்து, வட்டத்துக்குள் வட்டமாக 480 புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒற்றை ஒற்றைச் சட்டகமாகப் பிடித்திருக்கிறார்கள். அகச்சிவப்புச் சுருள் என்பதால் நாம் கண்ணால் பார்க்கிற நிறம் எதுவும் அதில் இல்லை. ஓட்டினால் கேமரா உருவத்தைச் சுற்றுகிறது, கிட்டே பாய்கிறது, விலகுகிறது, மறுபடி பாய்கிறது. வேகம் கூடக்கூட நமக்குத் தலை சுத்துது.

ஒலி டோஷி இச்சியானகியுடையது (1933–2022). நியூயார்க்கில் ஜான் கேஜிடம் பயின்றவர். மின்னணு ஒலிதான், முணுமுணுத்துக்கொண்டு போக அதில் ஒரு மெட்டும் கிடைக்காது. நம்ம சினிமாவில் பின்னணி இசையின் வேலை என்ன? வயலின் அழுதால் நாமும் அழணும், முரசு கொட்டினால் நாமும் பொங்கணும். முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று இசை நமக்கு எடுத்துச் சொல்லிவிடும். அதாவது, உள்ளே ஓர் ‘உள்ளம்’ இருக்கிறது என்பதற்கு இசைதான் சாட்சி. இச்சியானகியின் ஒலி அந்தச் சாட்சியைச் சொல்ல மறுக்கிறது. முகமூடி கோபமாக இருக்கிறதா, அழுகிறதா, எதையும் அது சொல்வதில்லை. கேமரா மாதிரியே அதுவும் வெளியில் நின்றுதான் சுற்றுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பிம்பங்கள் துண்டு துண்டானவை, ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. விடாமல் ஓடுகிற ஒலிதான் அவற்றை ஒட்டவைத்து, ‘ஒரே உருவம், ஒரே சுழற்சி’ என்று நம்மை நம்பவைக்கிறது. ராத்திரி முழுக்க எரிகிற விளக்கின் சுடர் ஒன்றேதானா என்று மிலிந்தனிடம் நாகசேனர் கேட்டது இதைத்தான். தொடர்ச்சி இருக்கிறது, ஆனால் மாறாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிற பொருள் எதுவும் இல்லை. ஆத்மா நம்பிக்கை தம்மம் ஆகாது என்று ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் (1957) அம்பேத்கர் தனித் தலைப்பிட்டே எழுதினார். இந்தப் படத்தைத் தியானம், உள்ளொளி என்று சிலாகிக்கிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். 480 புள்ளிகளிலிருந்து தேடியும் கேமராவுக்கு அகப்பட்டது முகமூடி மட்டும்தான்.

அந்த முகமூடிக்கு வருவோம். நோ நாடகத்தில் அதற்கு ‘ஹன்யா’ என்று பெயர். பிரக்ஞை, பாலியில் பஞ்ஞா என்கிறோமே, அதே சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. ஞானத்தின் பெயர் பேய்க்கு எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. நான் கவனிப்பது வேறு. இது ஒரு பெண்ணின் முகம். பொறாமையாலும் ஆத்திரத்தாலும் பேயாகிப்போனவள் என்கிறது மரபு. ‘அவோய் நோ உவே’ நாடகத்தில் இந்த முகமூடியோடு வருகிறவள் ரொக்குஜோ. திருவிழாக் கூட்டத்தில் எதிராளியின் ஆட்கள் அவள் வண்டியை இடித்துத் தள்ளி ஓரங்கட்டுகிறார்கள். ஊரே பார்க்க அவமானம். அந்த அவமானம்தான் ஆவியாகி வருகிறது. தள்ளினவர்களுக்குக் கொம்பு முளைக்கவில்லை. தள்ளப்பட்டவளுக்குத்தான் முளைத்தது. கடைசியில் துறவி மந்திரம் ஓதி அவளை அடக்குகிறார், நாடகம் சுபமாக முடிகிறது. தெருவில் வழி மறிக்கப்பட்ட நமக்கு இந்தக் கதை புரியாதா என்ன?

நோவின் கதையும் இப்படித்தான். இன்றைக்கு அது ஜப்பானின் செவ்வியல் கலை. சருகாகு என்ற பெயரில் அதை ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒருகாலத்தில் இழிந்தவர்களாக வைத்திருந்தார்கள். 1378இல் சிறுவன் செயாமியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஷோகன் யோஷிமிட்சு திருவிழா பார்த்தான். அரசவைப் பிரபு ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. இது பிச்சைக்காரர்களின் தொழில் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு சாமுராய்கள் அதே கலையைத் தங்கள் கௌரவச் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள். ஆடினவர்களை இழித்துவிட்டு ஆட்டத்தை மட்டும் உயர்த்திக்கொள்வது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை.

இங்கேதான் மட்சுமோட்டோவிடம் எனக்கொரு சண்டை இருக்கிறது. 1969இல் அவர் எடுத்த ‘ரோஜாக்களின் சவ ஊர்வலம்’ டோக்கியோவின் ஓரினச்சேர்க்கையாளர்களையும் பெண்ணுடை தரித்து வாழ்பவர்களையும் பற்றிய படம். அதிலும் முகமூடிகள் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் அங்கே கதையை நடுவில் நிறுத்திவிட்டு, நடிப்பவர்களையே கேமரா முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். அவர்கள் தங்கள் குரலில் பதில் சொல்கிறார்கள். ‘ஆத்மன்’ படத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஆறு வருஷத்தில் குரல் போய் வடிவம் மட்டும் நின்றுவிட்டது. ஆத்மா இல்லை என்று காட்டியது சரி. ஆத்மா இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. வெட்டினால் ரத்தம் வருகிற, எரித்தால் வேகிற உடம்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் என்னம்மா நடந்துச்சு என்று கேட்க அந்தப் பதினோரு நிமிஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் நம்ம பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கணும். இப்போது சேரிச் சம்பவங்களைக் கைப்பேசியிலேயே படமாக்குகிறோம். எரிந்த வீட்டைக் காட்டியவுடன் சோக ராகத்தை ஒட்டிவிடுகிறோம். பார்க்கிறவன் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறான். அழவைக்காத ஒலி என்ன செய்யும் என்பதை இச்சியானகியிடம் கற்றுக்கொள்ளலாம். அது பார்க்கிறவனைத் தப்பிக்க விடாமல் பிம்பத்துக்கு முன்னாலேயே நிறுத்திவைக்கும். மட்சுமோட்டோ கேட்காமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம். பதிலை, சொல்கிறவர் குரலிலேயே, பின்னணி இசை போடாமல் பதிவு செய்வோம்.